ஐப்பசி மழையில ஊர் ரோட்டைக் காப்பாத்துறது எப்படி? புதுசா பொறுப்புக்கு வந்தவங்களுக்கு ஒரு கைடு

புதுசா வார்டு மெம்பர் ஆனவங்க, ஊராட்சியில வேலைக்குச் சேர்ந்த பசங்க, நம்ம ஊர் ரோட்டை நாமளே பாத்துக்கலாம்னு கிளம்புற இளைஞர் மன்றத்துக்காரங்க, இவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். நான் வேலை பாத்ததெல்லாம் டெல்டா பக்கம், மயிலாடுதுறை, நாகை, திருவாரூர்னு தட்டையான களிமண் பூமி, அதனால சொல்றதுல முக்கால்வாசி அந்த மண்ணுக்குத்தான் கச்சிதமா பொருந்தும். மேட்டு நிலத்துக்காரங்களுக்கும் நடுவுல கொஞ்சம் சொல்றேன்.

ரோட்டைக் கெடுக்குறது மழை இல்லீங்க, பெஞ்ச தண்ணி போக வழி இல்லாம அங்கயே நிக்கிறதுதான். 12 அடி ரோடு, ஒரு கிலோமீட்டர் நீளம், 10 செ.மீ. மழைன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, ரோட்டு மேல மட்டும் விழுற தண்ணி மூன்றரை லட்சம் லிட்டருக்கு மேல வருது, 12,000 லிட்டர் டேங்கர் லாரியில 30 லாரி. 10 செ.மீ.ங்கிறது ஐப்பசி கார்த்திகையில சாதாரணமா வர்ற மழைதான், 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சு. இத்தனை தண்ணியும் எங்க போகுதுன்னு யாரும் பாக்குறதில்ல, எல்லாரும் குழிய மட்டும்தான் பாக்குறாங்க, குழிங்கிறது மத்த கேடெல்லாம் முடிஞ்ச பிறகு கடைசியா வர்றது.

ரோடு யாருதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

ஊருக்குள்ள போற ரோடெல்லாம் ஊராட்சி ரோடு இல்ல. மாவட்ட முக்கிய சாலை, இதர மாவட்டச் சாலை இதெல்லாம் நெடுஞ்சாலைத் துறை கையில இருக்கு. ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை ரெண்டும் ஊரக வளர்ச்சித் துறை. மைல்கல்லு மேல ஆரஞ்சு கலர் அடிச்சிருந்தா அது பிரதமர் கிராம சாலைத் திட்டத்துல போட்டது, அதுல போட்ட காண்ட்ராக்டரே அஞ்சு வருஷம் பராமரிக்கணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு, ரோட்டு முனையில இருக்குற போர்டுல முடிச்ச தேதிய பாத்துட்டு அஞ்சு வருஷம் ஆகலைன்னா நம்ம காசையும் உழைப்பையும் போடாம அவரையே சரி பண்ண வைக்கணும். எதுவும் புரியலன்னா ஒன்றிய ஆபீஸ்ல உதவிப் பொறியாளரையோ ஓவர்சியரையோ பாத்து சாலைப் பதிவேட்டைக் கேளுங்க, அதுல பேரு, நீளம், கடைசியா எப்ப தார் போட்டாங்கன்னு எல்லாம் இருக்கும்.

இத எதுக்கு முதல்ல சொல்றேன்னா, தார் ரோட்டை நம்ம இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது. ஓரத்துல வாய்க்கால் தூர்வாருறது, புல் செதுக்குறது, கல்வெர்ட்டு (ரோட்டுக்கு அடியில தண்ணி போற குழாய், சின்னப் பாலம்) அடைப்பு எடுக்குறது இதுக்கெல்லாம் ஊராட்சி செயலர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கலாம், தாரைத் தொடுற வேலைன்னா பொறியாளருக்குத் தெரியாம தொடாதீங்க.

எந்த மாசம் என்ன வேலை

ஆடி, ஆவணியில ரோட்டை நடந்து பாக்கணும், எழுதணும், எஸ்டிமேட்டுக்குக் கொடுக்கணும். ஆகஸ்ட் 15 கிராம சபையில தீர்மானம் போட்டுடுங்க. நிறைய ஊர்ல அக்டோபர் 2 சபையில போய் எழுந்திரிச்சு நின்னு பேசுவாங்க, தீர்மானம் எழுதி அது ஒன்றியத்துக்குப் போய் பணம் வர்றதுக்குள்ள அடைமழை பிடிச்சுக்கும். புரட்டாசி முடியுறதுக்குள்ள வாய்க்கால், கல்வெர்ட்டு, ஓரம், சூடு தார் வேலை எல்லாம் முடிஞ்சிருக்கணும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி பாதி வரைக்கும் காவல் வேலையும் தற்காலிக ஒட்டு வேலையும்தான். நிரந்தர வேலை தை பொங்கலுக்கு அப்புறம்.

கோடையில தூர்வாரிட்டோம்னு ஆடியில சும்மா இருந்துடாதீங்க, நெய்வேலி காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் ரெண்டு மாசத்துல வாய்க்காலை மூடிடும்.

நடந்து பாக்குறது

பைக்ல போனா ஒண்ணும் தெரியாது, நடக்கணும். கையில ஒரு டேப்பு, நூல்கயிறு, கடப்பாரை, நோட்டு, போன் போதும். போன்ல இடமும் தேதியும் படத்துலயே விழுற மாதிரி கேமரா ஆப் போட்டுக்கோங்க, பின்னாடி பில்லுக்கும் சண்டைக்கும் அதுதான் சாட்சி.

அதவிட நல்ல சர்வே ஒண்ணு இருக்கு. ஆவணியில இடி மழை ஒண்ணு அடிக்கும் பாருங்க, அப்ப குடைய எடுத்துக்கிட்டு ரோட்டுக்குப் போயிடுங்க. தண்ணி எங்க நிக்குது, எந்த ஓரத்துல குறுக்க ஓடுது, எந்த வீட்டுச் சாய்ப்பு தண்ணி ரோட்டுல விழுது, எந்த கல்வெர்ட்டுல ஒரு பக்கம் தண்ணி ஏறி நிக்க மறுபக்கம் காஞ்சு கிடக்குது, இதெல்லாம் அரை மணி நேரத்துல கண்ணுக்குத் தெரிஞ்சிடும். வெயில்ல மட்டக்கோல் வச்சு நாள் பூரா பாத்தாலும் அவ்வளவு தெரியாது. தண்ணி நிக்கிற இடத்துல ஒரு குச்சிய நட்டுட்டு வாங்க, மறுநாள் அளந்துக்கலாம்.

தண்ணிக்கு வழி பண்றது: இதுதான் மெயின் வேலை

ஒண்ணு, ரோட்டோட முதுகு. நடு உசந்து ரெண்டு பக்கமும் சரிஞ்சு இருக்கணும், இதத்தான் கேம்பர்னு சொல்வாங்க. 12 அடி தார் ரோட்டுல நடுவுக்கும் ஓரத்துக்கும் ரெண்டு இஞ்ச் இறக்கம் இருக்கணும், கிராவல் (சரளை மண்) ரோடுன்னா மூணு இஞ்ச். நூலை நடுவுல பிடிச்சு டியூப் லெவல் (தண்ணி நிரப்புன மட்டக்குழாய்) வச்சு ஓரத்துல அளந்தா தெரிஞ்சிடும். தார் ரோட்டுல முதுகு போயிடுச்சுன்னா உங்களால ஒண்ணும் பண்ண முடியாது, எழுதி எஸ்டிமேட்டுல சேருங்க. கிராவல் ரோட்டுல முதுகைத் திரும்ப எடுத்துடலாம், ஓரத்துக்கு ஒதுங்கிப் போன கிராவலை டிராக்டர் பிளேடு வச்சு நடுவுக்கு இழுத்து ஈரம் இருக்கும்போதே அமுக்கணும்.

ரெண்டு, பெர்ம். ரோட்டோர மண்ணுதான் பெர்ம். ஊர் ரோட்டுல பாதி கேடு இங்கதான் இருக்கு. வருஷக்கணக்கா புல் முளைச்சு, தூசி படிஞ்சு, வீட்டுக்காரங்க வாசல்ல மண்ணைக் கொட்டி, தாரைவிட நாலு இஞ்ச் அஞ்சு இஞ்ச் உசந்து நிக்கும், மழைத் தண்ணி ஓரத்துக்கு வந்து முட்டி திரும்ப ரோட்டுலயே தேங்கிடும். அத புல்லோட சேத்து செதுக்கி, தார் மட்டத்துக்குக் கொண்டாந்து வெளிப்பக்கம் சரிச்சு விடணும். செதுக்குன மண்ணை வாய்க்கால்ல தள்ளாதீங்க, நிறைய பேர் அங்கதான் தள்ளுறாங்க. இதுக்கு நேர் எதிரா சில இடத்துல பெர்ம் அறுத்துப் போய் தார் விளிம்பு அந்தரத்துல நிக்கும், எதிர் வண்டிக்கு ஒதுங்குற பஸ் சக்கரம் ஏறுனா விளிம்பு அப்பளம் மாதிரி உடையும், 12 அடி ரோடு ரெண்டே வருஷத்துல 9 அடி ஆயிடும். அங்க கிராவல் கொட்டி திமிசு (மண்ணை இடிச்சு அமுக்குற கட்டை) போட்டு தார் மட்டத்துக்கு ஏத்தணும்.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை. ஏரி வண்டல் சும்மா கிடைக்குதேன்னு அத பெர்முக்குக் கொட்டுற பழக்கம் இருக்கு. வண்டல் வயலுக்கு அமிர்தம், ரோட்டுக்கு விஷம், நனைஞ்சா கொழகொழன்னு ஆயிடும். இடிச்ச வீட்டு செங்கல் ரப்பிஷும் அப்படித்தான், ரெண்டு மழைக்கு தூளாகி சேறாயிடும்.

மூணு, பக்க வாய்க்கால். வெட்டுறது சுலபம், அது எங்க போய் விழுதுன்னு பாக்குறதுதான் கஷ்டம். டெல்டாவுல சரிவே கிடையாது, ரோட்டு வாய்க்காலைச் சுத்தமா தூர்வாரி வச்சாலும் அது சேருற வடிகால் அடைச்சிருந்தா தண்ணி ரிவர்ஸ்ல வரும். அதனால கீழ இருந்து மேல வாங்க, முதல்ல வடிகால் வாய், அப்புறம் வாய்க்கால். வடிகால் நீர்வளத் துறையோடதா இருக்கும், நீங்க தொட முடியாது, லஸ்கர்கிட்டயும் (வாய்க்காலைப் பாத்துக்குற அந்தத் துறை ஊழியர்) உதவிப் பொறியாளர்கிட்டயும் புரட்டாசியிலயே எழுதிக் கொடுத்து நகல்ல கையெழுத்து வாங்கிக்கோங்க. ஆக்கிரமிப்பு இருந்தா நேர்ல போய் மல்லுக்கட்டாதீங்க, தாசில்தாருக்கு மனு கொடுங்க, பக்கத்து வீட்டுக்காரர் பகை உங்களுக்கு எதுக்கு.

மேட்டு நிலத்துல, தர்மபுரி சிவகங்கை பக்கமெல்லாம் கதையே வேற. அங்க தண்ணி நிக்காது, ஓடும், ஓடி ரோட்டோரத்தை அறுத்து ஓடையாக்கிடும். சரிவு அதிகமா இருக்குற இடத்துல 20, 30 மீட்டருக்கு ஒரு கிளை வாய்க்கால் வெட்டி தண்ணிய காட்டுப் பக்கம் திருப்பி விடணும், சேர்ந்து வேகம் எடுக்க விடக்கூடாது. வாய்க்காலுக்குள்ள குறுக்க கல்லடுக்கு போட்டா வேகம் குறையும், அடுக்கு நடுவுல தாழ்வா இருக்கணும், இல்லன்னா தண்ணி ரெண்டு ஓரத்தையும் அறுக்கும்.

நாலு, கல்வெர்ட்டு. உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, மறுபக்க வெளிச்சம் முழு வட்டமா தெரியணும். பாதி வட்டம்தான் தெரியுதுன்னா பாதி மண்ணு. வாழைத்தண்டு, தேங்காய் மட்டை, பிளாஸ்டிக், செத்த கோழி, எல்லாம் இருக்கும். உள்ள கை விடுறதுக்கு முன்னாடி நீளக் கழியால தட்டுங்க, பாம்பு இருக்கும். தண்ணி நுழையுற வாயில மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்க, வெளியேறுற பக்கமும் பத்துப் பதினஞ்சு அடி தூரம் வாய்க்கால் திறந்திருக்கணும். அந்தப் பக்கம் தண்ணி விழுந்து பள்ளம் பறிச்சிருந்தா கருங்கல் போட்டு நிரப்புங்க, விட்டா கொஞ்சம் கொஞ்சமா உள்ள வந்து குழாயே தொங்கிடும். புதுசா குழாய் பதிக்கிறதா இருந்தா குழாய்க்கு மேல ரெண்டு அடி மண் மூடல் இருக்கணும், இல்லன்னா நெல் லாரி ஏறுனா குழாய் விரிஞ்சிடும்.

இனி குழி

குழியைப் பாத்ததும் ஜல்லி கொட்டத் தோணும். கொட்டாதீங்க, முதல்ல குழி என்ன சொல்லுதுன்னு பாருங்க. கடப்பாரையை இடுப்பு உயரத்துல இருந்து குழிக்குள்ள விடுங்க. டங்குன்னு சத்தம் கேட்டு எகிறுனா கீழ கப்பி நல்லா இருக்கு, மேல தார் மட்டும் உரிஞ்சிருக்கு, ஒட்டு போட்டா நிக்கும். சதக்குன்னு இறங்குனா அடித்தளமே ஊறிப் போச்சு. இன்னொரு அடையாளம், தாரு முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமா வெடிச்சிருக்கும், அது மேல பஸ் போகும்போது வெடிப்பு வழியா களிமண் சேறு பீச்சும். அங்க மேல என்ன போட்டாலும் ஒரு வாரம் தாங்காது. தோண்டி ஊறுன மண்ணை எடுத்துட்டு கிராவலும் ஜல்லியும் கலந்து அடுக்கடுக்கா ஏத்தணும், அந்த இடத்துல ஏன் ஊறுச்சுன்னு பக்கத்து வாய்க்காலையும் பாக்கணும்.

காஞ்ச நாள்ல ஒட்டு போடுற முறை இதுதான். குழியைச் சுத்தி சுண்ணாம்புக் கோட்டால சதுரமோ நீள்சதுரமோ போடுங்க, கெட்டியான தார் வர்ற வரைக்கும் தள்ளிப் போடணும். கோட்டுல செங்குத்தா வெட்டுங்க, சரிவா வெட்டுனா ஓரத்துல போட்டது மெல்லிசா உடைஞ்சு வந்துடும். உள்ள இருக்குற தண்ணி, சேறு, தூசி எல்லாத்தையும் எடுத்து துடைப்பத்தால கூட்டுங்க. எமல்ஷன் தாரை (தண்ணியில கலந்து வர்ற தார்) அடியிலயும் நாலு பக்கச் சுவத்துலயும் மெல்லிசா பூசுங்க, ஊத்தும்போது காபி கலர்ல இருக்கும், கொஞ்ச நேரத்துல கருப்பா மாறும், கருப்பான பிறகுதான் தார் ஜல்லிக் கலவை போடணும், அவசரப்பட்டுப் போட்டா வழுக்கிட்டுப் போயிடும். கலவையை மூணு இஞ்ச் மூணு இஞ்சா போட்டு ஒவ்வொண்ணுக்கும் திமிசு அடிக்கணும், ஓரத்துல இருந்து நடுவுக்கு அடிங்க. கடைசியில ரோட்டு மட்டத்தைவிட அரை இஞ்ச் உசரமா விடுங்க, வண்டி ஏறி அமுங்கிக்கும்.

எவ்வளவு சாமான் வேணும்னு கணக்கு: 3 அடி நீளம், 2 அடி அகலம், 4 இஞ்ச் ஆழம்னா 2 கன அடி. அமுங்குறதுக்குக் கால் பங்கு சேத்து இரண்டரை கன அடி. யூனிட்டுன்னா 100 கன அடி, அப்படின்னா ஒரு யூனிட்ல இதே அளவு குழி 40 மூடலாம். இத நோட்டுல எழுதி வச்சா லோடு விஷயத்துல யாரும் ஏமாத்த முடியாது.

மழை விட்டு விட்டுப் பெய்யும்போது சூடு தார் போடவே கூடாது, ஈரத்துல தார் ஒட்டாது. எவனாவது தூறல்ல போட்டான்னா போன்ல வீடியோ எடுத்துட்டு பொறியாளரைக் கூப்பிடுங்க. அந்த நேரத்துக்கு மூட்டையில வர்ற கோல்டு மிக்ஸ் (சூடு பண்ணாமயே போடுற தார்க் கலவை) இருக்கு, ஊராட்சி வாங்கி வச்சிருந்தா நல்லது. அதுவும் இல்லன்னா தண்ணிய சட்டியால மொண்டு ஊத்திட்டு, கிராவல் ஜல்லி கலவையைப் போட்டு நல்லா இடிச்சு விடுங்க, தையில அத தோண்டி எடுத்துட்டு ஒழுங்கா போடணும்னு நோட்டுல குறிச்சுக்கோங்க.

கிராவல் நல்லதான்னு பாக்க ஒரு கைப் பரீட்சை இருக்கு. ஒரு பிடி எடுத்து லேசா தண்ணி தெளிச்சு உருண்டை பிடிங்க. உருண்டையே பிடிக்கலைன்னா வெறும் மணலு, ரோட்டுல நிக்காது. கை பூரா பிசுபிசுன்னு ஒட்டுனா களி அதிகம், மழையில பைக் வழுக்கும். உருண்டை நின்னு, இடுப்பு உயரத்துல இருந்து போட்டா நாலஞ்சு துண்டா உடைஞ்சுதுன்னா ஈரமும் சரி, மண்ணும் சரி, அந்த ஈரத்துலயே அமுக்கிடுங்க. ரோலர் வராத இடத்துல லோடு ஏத்துன டிராக்டரோட பின் சக்கரத்தை முன்னும் பின்னும் விட்டு அமுக்குறது எங்க பக்கம் வழக்கம், பரவாயில்லாம இருக்கும்.

மழை கொட்டும்போது

வானிலை மையம் ஒரு நாளுக்கு 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, அதுக்கு மேல அதி கனமழைன்னு பிரிக்குது. மிகக் கனமழைன்னு சொன்னாலே முதல் நாள் சாயங்காலம் எல்லா கல்வெர்ட்டையும் ஒரு சுத்து பாத்துடுங்க. பாதி நிரப்புன மண் சாக்கு, சவுக்குக் கட்டை, கயிறு, சிவப்புத் துணி, டார்ச் எல்லாம் ஒரே இடத்துல இருக்கணும். சாக்கை முழுசா திணிக்கக் கூடாது, பாதி அளவு போட்டாதான் ஒண்ணோட ஒண்ணு படிஞ்சு உட்காரும். செங்கல் கட்டுற மாதிரி இணைப்பு மாத்தி மாத்தி அடுக்கணும், கட்டுன வாய் கரைப் பக்கம் இருக்கணும். வாய்க்கால் கரை ரோடு சரியுதுன்னா முதல்ல சவுக்குக் கட்டையை வரிசையா அடிச்சு இறக்குங்க, அதுக்கு உள்பக்கம் மூட்டை. வெறும் மூட்டை மட்டும் போட்டா மூட்டையும் சேந்து சரியும்.

தரைப்பாலத்துல தண்ணி ஏறிடுச்சுன்னா ரெண்டு முனையிலயும் கட்டை போட்டு ஆள் நிறுத்துங்க. முழங்கால் தண்ணி ஓடுனா ஆளைத் தள்ளிடும், ஒரு அடி ஓட்டத்துல சின்ன கார் மிதக்க ஆரம்பிச்சிடும், ரெண்டு அடின்னா பெரும்பாலான வண்டிய அடிச்சுட்டுப் போயிடும். "நான் தெனம் போற ரோடுதான்"னு ஒருத்தர் வருவார், விடாதீங்க, தண்ணிக்கு அடியில ரோடு இருக்கான்னே யாருக்கும் தெரியாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070. கரண்டு கம்பி கிடந்தா கிட்டவே போகாம 94987 94987க்கு அடிங்க.

தண்ணி வயல்ல நிக்குதுன்னு ராத்திரியோட ராத்திரியா ரோட்டை வெட்டி விடுறது வருஷா வருஷம் நடக்கும். பயிர் போறவங்க வயித்தெரிச்சல் நியாயம்தான், ஆனா வெட்டுனது ஆம்புலன்ஸ் வர்ற ரோடா இருக்கும். ஒன்றியத்துல கேட்டு, பொறியாளர் காட்டுற இடத்துல மட்டும் வெட்டணும். எங்க வெட்டச் சொல்லி மக்கள் கேக்குறாங்களோ அங்க ஒரு கல்வெர்ட்டு குறையுதுன்னு அர்த்தம், அத அடுத்த எஸ்டிமேட்டுல சேத்துடுங்க.

மூட முடியாத குழி இருந்தா அதுல உசரமா ஒரு கிளையை நட்டு சிவப்புத் துணி கட்டுங்க. தண்ணி நிரம்புன குழி ராத்திரியில ரோடு மாதிரியேதான் தெரியும், டூவீலர்காரங்க விழுறது இப்படித்தான்.

மழை இல்லாம ரோட்டைக் கெடுக்குறவங்க

டெல்டாவுல சம்பா நடவும் மழையும் ஒரே நேரத்துல வரும். சேத்துழவுக்கு மாட்டுற கேஜ் வீலோட (இரும்புச் சக்கரம்) டிராக்டர் தார் ரோட்டுல ஏறுனா கோடு கோடா வெட்டிட்டுப் போகும், ஒவ்வொரு வெட்டுலயும் தண்ணி இறங்கும், ஒரு சீசன்ல புது ரோடு போச்சு. கூடாதுன்னு சட்டம் பேசுறதவிட ஊர்க்கூட்டத்துல டிராக்டர்காரங்களையே உட்கார வச்சு, வயல் வரைக்கும் டயர்ல போய் வரப்புல வீல் மாட்டிக்கிறதுன்னு பேசி முடிக்கிறதுதான் வேலைக்கு ஆகுது. அறுப்பு மிஷின் செயின் வண்டியா இருந்தா அத லாரியில ஏத்தித்தான் கொண்டு வரணும்.

அடுத்தது குழாய். போர் தண்ணிக்கோ குடிநீருக்கோ ரோட்டைக் குறுக்க வெட்டி மண்ணை அள்ளிப் போட்டு மூடிட்டுப் போயிடுறாங்க, முதல் மழைக்கு அது நீளமா பள்ளமாயிடும். வெட்டுறவங்ககிட்ட முதல்லயே பேசுங்க, அடுக்கடுக்கா இடிச்சு மூடி மேல கான்கிரீட்டோ தாரோ போட்ட பிறகுதான் மத்த வேலை.

தண்ணி வடிஞ்ச பிறகு

ரெண்டு நாள் முழுகிக் கிடந்த ரோடு வெயில் அடிச்சதும் மேல காஞ்சு பளிச்சுன்னு இருக்கும், ஆனா உள்ள அடித்தளம் ஊறியேதான் இருக்கும். அப்பத்தான் செங்கல் லோடு, மணல் டிப்பர், நெல் லாரின்னு வரிசை கட்டி வரும், மழை செய்யாத சேதத்தை அது செஞ்சிடும். ஒரு வாரமாவது பெரிய வண்டிய விடாம வேற வழி திருப்பச் சொல்லி ஒன்றியத்துலயும் போலீஸ்லயும் கேளுங்க. ஆம்புலன்ஸ், பஸ்ஸு, பால் வண்டி போகட்டும்.

சரிஞ்ச கரையில வெட்டிவேர் நடுறதுக்கும் இதுதான் நேரம், மண் ஈரமா இருக்கும், வேர் நல்லா பிடிக்கும். அடிக்கொரு தூரு போதும், ஆட்டுக்கு எட்டாம கொஞ்ச நாள் முள் போட்டு வைங்க.

பொங்கல் கழிஞ்சு தார் வேலை வரும்போது பிளாஸ்டிக் கலந்த தார் கேக்கலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடிச்ச முறை, 2018ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. சூடான ஜல்லி மேல பிளாஸ்டிக் தூள் உருகி ஒரு தோல் மாதிரி மூடிக்கும், அதனால தண்ணி ஜல்லிக்கும் தாருக்கும் நடுவுல அவ்வளவு சுலபமா புகுந்து பிரிக்காது. ஊராட்சி குப்பைக் கிடங்குல சேருற பையும் கவரும் செலவாகும். ஆனா முதுகும் பெர்மும் சரியில்லாத ரோட்டுல இதப் போட்டும் பிரயோஜனம் இல்ல.

வேலை நடக்கும்போது பக்கத்துல நில்லுங்க. பழைய தார் மேல கூட்டிப் பெருக்குனாங்களா, எமல்ஷன் அடிச்சாங்களா, மழைக்காலத்துல நீங்க தற்காலிகமா போட்ட கிராவல் ஒட்டெல்லாம் தோண்டி எடுத்தாங்களா பாருங்க, நோட்டுல இருக்குற குழி ஒவ்வொண்ணையும் காட்டி டிக் பண்ணுங்க. புது தார் ஏறுனதும் ரோடு ரெண்டு மூணு இஞ்ச் உசந்துடும், அப்ப பெர்மும் அதே அளவு ஏறணும், எஸ்டிமேட்டுல அதுக்குத் தனியா காசு இருக்கும், பெரும்பாலும் விட்டுட்டுப் போறது அதத்தான். பெர்ம் மண் கொட்டி அமுக்குன போட்டோ உங்க போன்ல வந்த பிறகு வேலை முடிஞ்சதுன்னு எழுதிக் கொடுங்க.